கேசி என்றால் கை

வந்த முதல் நாளே மிக்கேல் கை குலுக்க இடது கையை நீட்டி எல்லோரையும் திடுக்கிட வைத்தான். அவனுக்கும் வேறு வழியில்லை. வலது கை மணிக்கட்டுக்கு மேலே வரை கட்டுப் போட்டுக் கிடந்தது.

அவன் எஸ்தோனியா என்ற தேசத்துக் கப்பல் தச்சன். கொப்பரை ஏற்ற வந்த கப்பலில் இயந்திரத் தண்டு உடைந்து, அதைக் கழற்றப் போன இடத்தில் இரும்பு நழுவி விரல்களை நசுக்கிவிட்டது. புதுத் தண்டு வந்து சேரும்வரை கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்க வேண்டியதுதான். தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னதால் அவனுக்குக் கரையில் ஓர் அறை தேவைப்பட்டது. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த செபாஸ்டியன், பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் லோரோங் என்கிற சந்தில் இருந்த தன் வீட்டு முன் அறையை ஒழித்துக் கொடுத்தான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம்.

மிஹ்கெல் என்பது அவன் ஊரில் வைத்த பெயர். செபாஸ்டியனின் மனைவி ஐரீன் அதை ஒரே வாரத்தில் மிக்கேல் ஆக்கிவிட்டாள்.

"நம்ம மிக்கேல் சம்மனசு, அந்த வானதூதரு பேருதான். வேதக்காரன் இல்லன்னாலும் பேரு வேதத்துப் பேரு லா," என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

இடது கையை நீட்டிய அன்று செபாஸ்டியன் அவனைத் தனியே அழைத்துப்போய் இரண்டு விஷயங்கள் சொன்னான். இந்த ஊரில் இடது கையைக் கொடுக்கக் கூடாது, அது ஒன்று. எங்கள் பெண்களுக்கு எந்தக் கையையும் கொடுக்கக் கூடாது, அது இரண்டு. மிக்கேல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளும் சாதி அவன். அவன் கொஞ்சம் மறதிக்காரனாக இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

செபாஸ்டியனின் அக்கா ஜூலியானாவும் அதே வீட்டில்தான் இருந்தாள். புருஷன் பீட்டர் காய்ச்சலில் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். முப்பது வயதுக்கு வெளிர்ச் சேலையும், வெறும் கழுத்தும், கூடத்து ஓரத்தில் ஒரு தையல் மிஷினும். வீட்டில் யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், சட்டை தைத்தாகிவிட்டதா என்று கேட்டார்கள், அரிசி களைந்தாயா என்று கேட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றாத அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

கை வேலைக்கு ஆகாத தச்சனுக்குப் பொழுது போவது பெரும்பாடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முன்வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, கூடத்தில் ஜூலியானா தைப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பாதி இங்கிலீஷ், பாதி கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய், இதுதான் அவன் பேச்சு. ஜூலியானா கன்னியர் பள்ளியில் படித்த இங்கிலீஷும் ஏறக்குறைய அந்த லட்சணம்தான். அதனால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

ஒரு நாள் அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் காலரைக் காட்டி, "கேசித்தோ," என்றான் அவன்.

"அப்படின்னா?"

"கேசி," என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு மிஷினைக் காட்டி, "தோ. வேலை," என்றான்.

"கைவேலை," என்றாள் ஜூலியானா. தன் முழங்கையைத் தொட்டு, "இது?" என்று கேட்டாள்.

"கேசி."

தோளுக்குக் கீழே தொட்டாள். "இது?"

"அதுவும் கேசிதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியில் ஒரு கன்னியாஸ்திரி, கைக்கு இங்கிலீஷில் இரண்டு பெயர் என்றும், மணிக்கட்டுக்கு மேலே வேறு, கீழே வேறு என்றும் சொல்லி, அதை மாற்றிச் சொன்னதற்கு அவள் கையிலேயே பிரம்பால் போட்டிருந்தாள். எந்தக் கையில் என்று மட்டும் இன்றைக்கும் அவளுக்கு இங்கிலீஷில் சொல்லத் தெரியாது. உலகத்தின் மறுகோடியில் ஒரு சனம் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"எங்களுக்கும் அப்படித்தான். எல்லாம் கை," என்றாள்.

"கை," என்று சொல்லிப் பார்த்தான் மிக்கேல். அவன் வாயில் அது நன்றாகவே வந்தது.

மறுநாள் காலையில் அவள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே வரும்போது அவன் எழுந்து நின்று, "குய்தஸ் கேசி கேய்ப்?" என்றான்.

கேசி மட்டும் புரிந்தது. நேற்று ஊசி குத்திய விரலைத்தான் விசாரிக்கிறான் என்று நினைத்து ஜூலியானா விரலை நீட்டிக் காட்டினாள். அவன் இல்லை இல்லை என்று தலையாட்டி, சிரித்து, கையால் நடப்பது மாதிரி முக்காலியின்மேல் இரண்டு விரலை ஓட்டிக் காட்டி, பெரிய பாடுபட்டு விளக்கினான். கை எப்படி நடக்கிறது என்று வார்த்தைக்கு அர்த்தம். ஆனால் அவர்கள் கேட்பது கையை அல்ல, ஆளை. நீ நன்றாக இருக்கிறாயா, உன் பாடு எப்படிப் போகிறது என்று விசாரிப்பது அது. நன்றாக இருந்தால் ஹேஸ்தி என்று சொல்ல வேண்டும்.

அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஐரீன் வெளியே வந்தாள். "கை நடக்குமா அண்ணி? அந்த ஊர்ல தலைகீழா நடப்பாங்க போல."

ஜூலியானா சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க மிஷினை மிதித்துக்கொண்டே அதை யோசித்தாள். நாமும்தானே திகைத்துப்போனால் கை ஓடவில்லை என்கிறோம். உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குக் கை ஓடினால் எல்லாம் ஓடுகிறது என்றுதானே கணக்கு. யோசிக்க யோசிக்க, அவ்வளவு நியாயமான கேள்வியை யாரும் இதுவரை தன்னிடம் கேட்டதில்லை என்று பட்டது. நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் கொஞ்ச தூரம் வெறும் ஊசியை ஓட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவன் கேட்பான், அவள் ஹேஸ்தி என்பாள். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு அவன் சீக்கிரமே கிளம்பிப் போய்விட, கேள்வி வராத அந்தக் காலை அவளுக்கு உப்பில்லாமல் கழிந்தது. அன்றுதான் தன் கோலம் தனக்கே தெரிந்தது அவளுக்கு. பயந்துபோய் மாலையில் கோயிலுக்குப் போய் ஜெபமாலை சொன்னாள். மணியை உருட்டிய விரல்கள் என்னவோ ஜெபத்தில்தான் இருந்தன, மனம்தான் லோரோங்கில் அந்த முக்காலியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

சொல் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. பீட்டரின் பழைய சட்டை ஒன்றை வெட்டித் தலையணை உறை தைக்கலாம் என்று எடுத்து வைத்துவிட்டு, கத்தரிக்கோலும் கையுமாக அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்த நாளில், கை எழவில்லை என்பதற்கு அவர்கள் பேச்சில் என்ன என்று அவன் சொல்லிக்கொடுத்தான். கை எழாது என்றால் கைக்கு நோவு என்று அர்த்தமில்லை, செய்ய மனம் ஒப்பவில்லை என்று அர்த்தம். "நாங்க மனசு வரலன்னு சொல்லுவோம்," என்றாள் அவள். அவன் அந்தச் சட்டையை மெல்ல அவள் மடியிலிருந்து எடுத்து, மடித்து, மிஷின் பலகைமேல் வைத்தான். எடுக்கும்போது அவன் விரல் அவள்மேல் படவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை.

கட்டு அவிழ்த்த அன்றைக்கு வீடே வேடிக்கை பார்த்தது. கடைசி இரண்டு விரல்களும் மடங்கினபடியே நின்றுவிட்டன, மற்றபடி கை தேறிவிட்டது. தேறிய கையை வைத்துக்கொண்டு மிக்கேலால் சும்மா இருக்க முடியவில்லை. செபாஸ்டியனுக்குக் கை கொடுத்தான். எதிர்க் கோப்பிக் கடைச் சீனனுக்குக் கொடுத்தான். ரிக்‌ஷா இழுக்கிறவனை நிறுத்திக் கொடுத்தான். கோயிலுக்கு வந்து, பாதர் சுவாமியின் கையைக்கூட முத்தமிடாமல் குலுக்கிவிட்டு வந்தான். மலாய்க்காரத் தபால்காரர் அவன் கையைத் தொட்டுவிட்டுத் தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஜூலியானா கதவோரம் நின்றாள். அவன் அவள் முன்னே வந்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டான். "குய்தஸ் கேசி கேய்ப்?" என்று கேட்டான்.

"ஹேஸ்தி," என்றாள் அவள். உள்ளே போய் அரிசியை இரண்டு முறை களைந்தாள். கோப்பிக் கடைச் சீனனைப் பார்த்து ஒரு பெண் பொறாமைப்பட்டாள் என்றால் யார் நம்புவார்கள், ஆனால் பட்டாள். நல்லவனாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அவன்மேல் கோபமும் வந்தது. அந்த விரல் மடங்கின கைக்குள் தன் கையை ஒரே ஒரு தரம் வைத்துப் பார்க்க வேண்டும். இதைவிடச் சின்ன ஆசை உலகத்தில் இருக்க முடியாது, இதைவிட நடக்காத ஆசையும் இருக்க முடியாது.

கொஞ்ச நாள் கழித்து அவளே கேட்டாள். "உங்க ஊர்ல பொம்பளைங்களுக்கும் கை குடுப்பீங்களா?"

"எங்கள் தீவில் எல்லோருக்கும் கொடுப்போம்," என்றான் மிக்கேல். "கடலுக்குப் போகும்போது வீட்டில் ஒருவர் விடாமல் கொடுக்க வேண்டும். சண்டை போட்டவருக்கும். கொடுக்காமல் போனால் என் அம்மா விடமாட்டாள்." கொஞ்சம் நிறுத்தி, "இங்கே?" என்றான்.

"இங்க ஒரு பொம்பள ஒரு ஆம்பளைக்கு ஒரு தடவதான் கை குடுப்பா. கோயில்ல, பீடத்துக்கு முன்னாடி. சாமியார் ரெண்டு பேரு வலது கையையும் சேத்து வைப்பாரு. அதனாலதான் புருசனைக் கைப்பிடிச்சவருன்னு சொல்றது."

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செபாஸ்டியன் சொன்ன இரண்டாவது விதிக்கு அர்த்தம் அன்றுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புதுத் தண்டு வந்து இறங்கிய செய்தியைச் செபாஸ்டியன்தான் கொண்டுவந்தான். மறுநாள் காலையில், வழக்கமான கேள்விக்குப் பதிலாக மிக்கேல் வேறொன்று கேட்டான். ஜெலுத்தோங்கில் படகு கட்டும் சீன முதலாளி, தௌக்கே ஒருவர் தச்சன் தேடுகிறாராம். விரல் மடங்கினது பரவாயில்லை என்று சொல்லிவிட்டாராம். கப்பலில் கணக்குத் தீர்த்துக்கொள்ளக் கப்பித்தான் சம்மதிப்பார். ஊரில் அம்மா போய்விட்டாள், காத்திருப்பவர் யாரும் இல்லை.

"நான் இங்கே இருக்கட்டுமா?" என்றான். "நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குப் புரிந்துவிடும். திரும்பக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்."

ஜூலியானாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருங்கள் என்று ஒரு சொல். தமிழில் சொன்னாலும் புரியும், மலாயில் சொன்னாலும் புரியும். அவன் பேச்சில்கூட இதற்குள் சொல்லத் தெரியும். ஆனால் தாலியறுத்தவள் வீட்டில் குடியிருந்த வெள்ளைக்காரனை இருக்கச் சொன்னாள் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரும் ஒவ்வொரு முக்காடும் பேசும். தம்பி தலைகுனிந்து நடப்பான். அதையெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் ஐரீன் கோப்பி மங்குகளோடு வந்து நின்றாள்.

"என்ன, கை இன்னைக்கி நடக்கலையா?" என்றாள் ஐரீன்.

மிக்கேல் புன்னகை செய்து கோப்பியை வாங்கிக்கொண்டான். அன்று மத்தியானமே தண்டு பூட்டும் வேலைக்குக் கப்பலுக்குப் போய்விட்டான். பெட்டி மட்டும் முன் அறையில் இருந்தது.

அவன் இல்லாத அந்த நாட்களில் ஜூலியானா ஒரு முடிவுக்கு வந்தாள். தன் வாய் எந்த நாளும் தன்னை இப்படித்தான் கைவிட்டிருக்கிறது. போகட்டும், வாய் வேண்டாம். அவன் கிளம்பும்போது துறையில் எல்லோர் முன்னும் கையை நீட்டிவிடுவது. அதற்கு இங்கே என்ன அர்த்தம் என்று அவனுக்கு அவளே சொல்லியிருக்கிறாள், அவன் ஊரில் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். எப்படி எடுத்துக்கொண்டாலும் பதில் ஒன்றுதான். அவன் அந்தக் கையைப் பிடித்தால் படகு அவனில்லாமல் போகும். ஊர் பேசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை நினைக்கும்போதெல்லாம் உள்ளங்கை வேர்த்தது. சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் மிஷினை மிதித்தாள்.

கப்பல் புறப்படும் நாளன்று மிக்கேல் பெட்டியை எடுக்க வந்தான். செபாஸ்டியன் விடவில்லை, குடும்பத்தோடு துறைக்கு வந்து வழியனுப்பினால்தான் மரியாதை என்று எல்லோரையும் கிளப்பினான். மிக்கேல் வந்ததிலிருந்து போகும்வரை ஆட்கள் சுற்றியே இருந்தார்கள். ஜூலியானாவின் முகத்தை அவன் ஒரு தரம் பார்த்தான். கேள்வியாக அல்ல, கேட்டு முடித்தவன் பார்ப்பது மாதிரி. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், திரும்பக் கேட்கவில்லை.

வெல்டு கீ துறையில் நல்ல வெயில். மூட்டை தூக்குகிறவர்கள் வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டு போனார்கள். படகுத்துறைப் படியில் துடுப்புப் படகு, சம்பான், காத்திருந்தது. மிக்கேல் பெட்டியை இறக்கிவிட்டு மேலே வந்து, செபாஸ்டியனுக்குக் கை கொடுத்தான். பெட்டி சுமந்த ரிக்‌ஷாக்காரனுக்குக் கொடுத்தான். செபாஸ்டியனோடு வேலை செய்யும் கிராணிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்களுக்கும் கொடுத்தான்.

பிறகு ஜூலியானாவின் பக்கம் திரும்பினான்.

அவள் ஓரடி முன்னே வந்தாள். வலது கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். நீட்டினாள்.

அதே நொடியில் மிக்கேல் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, மடங்கின விரல்கள் சேராமல் துருத்தி நிற்க, கோயிலில் சனங்கள் செய்வதைப் பார்த்த மாதிரியே நெஞ்சுக்கு நேரே கூப்பினான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். தலையைத் தாழ்த்தினான். "போய்ட்டு வாரேன்," என்று தமிழில் சொன்னான். பல நாள் பழகி வைத்திருந்த பேச்சு அது, ஒரு எழுத்தும் பிசகவில்லை.

போகிறவர்கள் எல்லோரும் சொல்லும் சொல்தான். அதில் வருவது கணக்கில் சேராது.

ஜூலியானாவின் கை வெயிலில் நின்றது. அவன் பயபக்தியோடு குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பின்னால் கிராணி ஒருவன் செருமினான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தைரியம்தான் என்று அளந்து கொடுத்திருப்பது போல, அவளுடையது அதற்குள் தீர்ந்துவிட்டது. கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

மிக்கேல் கண்ணைத் திறந்தான். அவள் மரியாதையாக ஒதுங்கி நிற்பதைப் பார்த்தான். தான் சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்ற திருப்தியும், அதற்குக் கீழே அழமுடியாத ஏதோ ஒன்றும் அவன் முகத்தில் இருந்தன. ஐரீனுக்கும் அதேபோல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிச் சம்பானில் ஏறினான்.

"எப்படிக் கும்பிட்டான் பாத்தியாக்கா?" என்றான் செபாஸ்டியன் பெருமையாக. "கப்பல்லேருந்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டான். உங்க அக்காவுக்கு மரியாதையா எப்படிச் சொல்லிட்டுப் போறதுன்னு. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

ஜூலியானா தலையை ஆட்டினாள்.

ஐரீன் மட்டும் பார்த்திருந்தாள். நீட்டிய கையையும் பார்த்தாள், அது திரும்பிப் போனதையும் பார்த்தாள். இத்தனை நாளாக அடுக்களையிலிருந்து கிண்டல் செய்துகொண்டிருந்தவள் திடீரென்று படியின் விளிம்புக்கு ஓடினாள். சேலை நனைவதைக்கூடப் பார்க்கவில்லை. "மிக்கேலு அண்ணே," என்று கூப்பிட்டாள். "கண்ணைத் தொறந்து பாத்திருக்கக் கூடாதா? அண்ணி கை குடுத்தாங்க, அண்ணே. கை குடுத்தாங்க."

செபாஸ்டியன் ஒன்றும் புரியாமல் மனைவியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். சம்பான் துடுப்புப் போட்டுத் தூரம் போய்விட்டிருந்தது. பக்கத்தில் ஒரு லாஞ்சின் இயந்திரம் படபடத்தது. ஐரீன் என்னவோ சொல்லி வழியனுப்புகிறாள் என்றுதான் மிக்கேலுக்குத் தெரிந்தது. அவன் எழுந்து நின்று, சிரித்து, வலது கையை உயரத் தூக்கி ஆட்டினான். கப்பலின் நிழலுக்குள் படகு போகும்வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

ஜூலியானாவுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் இருந்த இடமெல்லாம் யாரோ அள்ளிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அவன் வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக அவளுக்கு இதற்கு முன்னால் ஒரு நாளும் தெரிந்திருக்கவில்லை.

ஐரீன் நனைந்த சேலையோடு திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள்.

"கொஞ்சம் முந்தி நீட்டியிருக்கணும்," என்றாள் ஜூலியானா.

ஐரீன் முந்தானைக்குள்ளிருந்த அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.